பழைய சிந்தசைசரை விற்றுப் புதியது வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் இரண்டு கருவிகளை வைத்தே எழுதப்பட்டவை: யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7, ரோலண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஜூனோ-106. இரண்டும் ஜப்பானியக் கருவிகள், ஏறத்தாழ ஒரே வயதுடையவை. இருந்தும், விற்கலாமா என்று கேட்டால் இரண்டுக்கும் வெவ்வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருப்பது வேறு கருவியானால், அது இவ்விரண்டில் எதன் இனத்தைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது?

கருவியின் வயதையோ சந்தை விலையையோ பார்ப்பதற்கு முன், அதன் ஒலி எதிலிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். டிஎக்ஸ்7 முழுக்க முழுக்கக் கணக்கால் ஒலி எழுப்பும் கருவி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையை (ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி உண்டாக்குவது) யமஹா உரிமம் பெற்று வளர்த்தெடுத்தது. ஆறு ஆபரேட்டர்கள் (அலை எழுப்பும் அலகுகள்), அவற்றை இணைக்க 32 அல்காரிதங்கள் (இணைப்பு முறைகள்), ஒரே நேரத்தில் 16 குரல்கள் (சேர்ந்து ஒலிக்கக்கூடிய சுரங்கள்) என்பதுதான் அதன் அமைப்பு. அதில் ஒரு பேட்ச், அதாவது சேமித்து வைத்த ஒரு டோன், என்பது 128 பைட் தகவல். கருவியின் நினைவகத்தில் உள்ள 32 பேட்சுகளும் சேர்ந்து 4,096 பைட். அந்த எண்களை, அதே கணக்கைச் செய்யத் தெரிந்த இன்னொரு கருவிக்குக் கொடுத்தால், கிட்டத்தட்ட அதே ஒலி அங்கும் வந்துவிடும்.

ஜூனோ-106இன் ஒரு பேட்ச் வெறும் 18 பைட். எந்த ஸ்லைடர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்த 18 பைட்டில் எதுவும் கிடையாது. ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அதில் பதிவாகும். திறந்த ஃபில்டர் எப்படி ஒலிக்கும் என்பதை உள்ளே இருக்கும் ஆறு குரல் சிப்புகளும், அவற்றைச் சுற்றியுள்ள மின்பாகங்களும், ஒலியை விரித்துத் தரக் கடைசியில் வரும் கோரஸ் சுற்றும்தான் தீர்மானிக்கின்றன. அவற்றை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்ட முடியாது.

ஆகவே டிஎக்ஸ்7ஐப் பொறுத்தவரை எங்கள் கருத்து: புதியதற்குப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் விற்கலாம். ஜூனோ-106ஐ விற்பதற்கு முன் கீழே உள்ள சில பதில்களையாவது படித்துவிடுங்கள்.

டிஎக்ஸ்7ஐ விற்றுவிட்டால் அதில் பல ஆண்டுகளாக நான் செய்து வைத்த டோன்கள் போய்விடுமே?

போகாது, விற்பதற்கு முன் எடுத்துவைத்துக்கொண்டால். மிடி (இசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை) இணைப்புப் பெட்டி ஒன்றைக் கணினியில் செருகி, டிஎக்ஸ்7இன் மிடி அவுட்டிலிருந்து அதற்கு ஒரு கம்பி கொடுங்கள். பிறகு ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி, 8ஆம் எண் பொத்தானில் உள்ள சிஸ்டம் தகவல் வசதியைத் திறந்தால், 32 பேட்சுகளையும் ஒரே மூச்சில் கணினிக்கு அனுப்பலாம். கணினியில் விழும் கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும்: 4,096 பைட் பேட்சுகள், முன்னும் பின்னுமாக எட்டு பைட் அடையாளக் குறிகள். கோப்பின் அளவு இதற்குக் குறைந்தால் பாதி வழியில் அறுந்துவிட்டது என்று பொருள், மறுபடியும் அனுப்புங்கள். கார்ட்ரிட்ஜில் (செருகிக் கழற்றும் நினைவகத்தில்) பேட்சுகள் வைத்திருந்தால் அவற்றையும் ஒவ்வொரு தொகுதியாக உள்நினைவகத்துக்கு ஏற்றி இதே போல் எடுத்துவிடலாம். ஆனால் அப்படி ஏற்றும்போது உள்ளே ஏற்கெனவே இருப்பது அழிந்துபோகும் என்பதால், உள்நினைவகத்தில் இருப்பதை முதலில் எடுத்துவிடுவது நல்லது.

அந்தக் கோப்பை டெக்ஸ்ட் (Dexed) என்னும் இலவச பிளக்-இன் (கணினியின் இசை மென்பொருளுக்குள் இயங்கும் கருவி) அப்படியே திறக்கும். கோர்க் நிறுவனத்தின் வோல்கா எஃப்எம் போன்ற சிறு கருவியும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன் முதல் பதிப்பில் மூன்று குரல்கள் மட்டுமே உண்டு, இரண்டு கையால் வாசிப்பவருக்கு அது போதாது.

அப்படியானால் டிஎக்ஸ்7ஐ விற்பதில் இழப்பு எதுவுமே இல்லையா?

இரண்டு இழப்புகள் உண்டு. முதலாவது, பழைய டிஎக்ஸ்7இன் வெளியீட்டுச் சுற்று 12 பிட் அளவிலானது. அதனால் மெல்லிய ஒலிகளின் அடியில் ஒரு சொரசொரப்பும் இரைச்சலும் இருக்கும். டெக்ஸ்டில் அதைப் போலவே ஒலிக்கச் செய்யும் தேர்வு ஒன்று உண்டு. முழுப் பாட்டுக்குள் கலந்தபின் இவ்வேறுபாட்டைப் பிரித்துச் சொல்பவர் அரிது. இரண்டாவது, அதன் கட்டைகள். அந்தக் காலத்து யமஹா கட்டைகளின் கனமும் திரும்பி எழும் வேகமும் இன்றைய நடுத்தர விலைக் கருவிகளில் கிடைப்பதில்லை, விரல் பழகியவருக்கு இந்தக் குறை தெரியத்தான் செய்யும்.

இதனாலேயே சிலர், 'ஒலியைப் புதிய கருவியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், டிஎக்ஸ்7ஐக் கட்டைகளுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன்' என்று நினைப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது வெளியே அனுப்பும் வெலாசிட்டி எண் (கட்டையை அடித்த வேகத்தைச் சொல்வது) உச்சமான 127ஐ எட்டாது. அது தன் ஒலிக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்ட கருவி. புதிய கருவியை அதன் மூலம் வாசித்தால் ஒலி மங்கலாகவே வரும். இடையில் வெலாசிட்டியை உயர்த்தித் தரும் ஏற்பாடு ஒன்று தேவைப்படும். மேலும் முதல் தலைமுறை டிஎக்ஸ்7 மிடியில் 1ஆம் சேனலில் மட்டுமே அனுப்பும்.

ஜூனோ-106இன் ஒலி புதிய கருவி எதிலும் கிடைக்காதா?

மிக நெருக்கமாகக் கிடைக்கும். ரோலண்ட் 2019இல் வெளியிட்ட ஜேயு-06ஏ, 2022இல் வெளியிட்ட ஜூனோ-எக்ஸ் இரண்டும் பழைய சுற்றுகளின் நடத்தையைக் கணினி முறையில் போலச் செய்பவை. முன்னது நான்கு குரல்கள் மட்டும் கொண்ட சிறு பெட்டி. பின்னது முழு நீளக் கட்டைகளுடன், வெலாசிட்டியுடன் வருவது. உள்ளே உண்மையான அனலாக் சுற்றுகளே வேண்டும் என்பவர் பெரிஞ்சர் நிறுவனத்தின் டீப்மைண்ட் 12ஐப் பார்க்கலாம். அது ஜூனோவின் நகல் அன்று, ஆனால் அதே வழியில் வந்த 12 குரல் கருவி. குரலுக்கு இரண்டு ஆசிலேட்டர்கள் (அலை எழுப்பும் சுற்றுகள்) உண்டு.

பதிவுக்கூடத்தில் மற்ற வாத்தியங்களோடு சேர்த்துக் கலக்கும்போது, எந்தப் பாட்டில் அசல் ஒலித்தது, எந்தப் பாட்டில் பிளக்-இன் ஒலித்தது என்று கேட்பவரால் சொல்ல இயலாது என்பதே எங்கள் எண்ணம். வேறுபாடு தெரியும் இடம் வாசிப்பவரின் கைதான். ஜூனோவின் முகப்பில் ஒரு வேலைக்கு ஒரு ஸ்லைடர். திரையில் பக்கம் பக்கமாகத் தேடும் வேலையே கிடையாது. கோரஸில் இரண்டே வகைகள், உள்ளே அளவு கூட்டிக் குறைக்க எதுவும் கிடையாது, இருந்தும் எதைத் தேர்ந்தாலும் ஒலி விரிந்து மலரும். இருபது நிமிடம் கிடைத்தால் உட்கார்ந்து ஓர் ஒலியை வடித்துவிடும் பழக்கம் இக்கருவியால் உங்களுக்கு வந்திருக்கிறதென்றால், பட்டியலும் திரையும் கொண்ட புதிய கருவி அப்பழக்கத்தைத் தொடர விடுமா என்று கடையில் நின்று சோதித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மாறாக, கடந்த ஓராண்டாக ஜூனோவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்றால், உங்களுக்கு முடிவு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

என் ஜூனோவில் சில வேளைகளில் ஒரு கட்டை ஒலிப்பதில்லை, அல்லது கரகரக்கிறது. பழுது பார்த்து விற்பதா, அப்படியே விற்பதா?

பழுது கட்டையில் இருக்கிறதா, குரலில் இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர் தொடுப்புகளில் தூசி படிந்தால் குறிப்பிட்ட ஒரே கட்டை எப்போதும் தகராறு செய்யும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரலில் பழுது என்றால் தகராறு கட்டைக்குக் கட்டை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

சோதிக்கும் முறை இது. பாலி 1 பொத்தானை அழுத்துங்கள். கோரஸை அணையுங்கள். ஃபில்டர் ஸ்லைடரை முழுவதும் மேலே தள்ளுங்கள். பிறகு ஒரே கட்டையை, ஒவ்வொரு முறையும் விரலை முழுவதும் எடுத்துவிட்டு, மெதுவாக அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலும் அடுத்த குரலுக்குப் போகும் என்பதால், ஒரு குரல் கெட்டிருந்தால் ஐந்து முறை நன்றாக ஒலித்து ஆறாவது முறை தடுமாறும். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில்தான் தடுமாறும். எந்த எண்ணுள்ள குரல் என்று அறிய, டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடியே கருவியை இயக்குங்கள். சோதனை நிலையில் திறக்கும் கருவி, அப்போது ஒலிக்கும் குரலின் எண்ணைத் திரையில் காட்டும்.

ஜூனோ-106இல் இப்பழுது வருவதற்குக் காரணம் எல்லோரும் அறிந்ததே. ஃபில்டரும் ஒலி அளவுச் சுற்றும் சேர்ந்த 80017ஏ என்னும் சிப், குரலுக்கு ஒன்றாக ஆறு இருக்கின்றன. அவற்றின் மேல் பூசப்பட்ட எபாக்சிப் பூச்சு, ஆண்டுகள் செல்லச் செல்ல மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுத்தால் பல சிப்புகள் மீண்டும் வேலை செய்கின்றன. மீளாதவற்றுக்கு இன்றைய பாகங்களால் செய்த மாற்றுச் சிப்புகள் வெளிநாட்டில் விற்பனைக்கு உண்டு. சென்னை ரிச்சி தெருவில், நினைவகத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். 80017ஏவைத் தேடி அங்கே அலைய வேண்டாம்.

ஆபத்து சிப்பில் இருப்பதைவிடக் கழற்றுவதில்தான் அதிகம் இருக்கிறது. பழைய பலகையில் சூட்டுக்கோலை நீண்ட நேரம் வைத்தால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். ஒரு குரல் கெட்ட கருவி மூன்று குரல் கெட்ட கருவியாகித் திரும்பும். ஆகவே, இத்தகைய பல கால் சிப்புகளை உறிஞ்சியால் கழற்றிப் பழக்கமுள்ள பழுதுபார்ப்பவர் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்திருந்தால் மட்டும், ஆறு சிப்புகளையும் சேர்த்தே சரிசெய்துவிட்டு விற்கலாம். ஒன்று கெட்டால் மற்ற ஐந்தும் அதே வயதுதான், இன்று இதை மாற்றி நாளை அதை மாற்றுவதில் பொருளில்லை. அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் பழுதை வெளிப்படையாகச் சொல்லி அப்படியே விற்பதுதான் நல்லது. இக்கருவியைத் தேடி வாங்குபவர்களுக்கு இந்தப் பழுது புதிதாக இராது. அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்களே ஒழிய ஓடிவிடமாட்டார்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டு விற்பதா?

ஆம். இரண்டு கருவிகளிலும் பேட்டரி பலகையில் சூட்டுக்கோலால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் பேட்சுகள் எல்லாம் அழிந்துவிடும். மாற்றும்போதே, அடுத்த முறை எளிதாக இருக்கும்படி ஒரு பேட்டரிக் கூட்டையும் பொருத்திவிடச் சொல்லுங்கள். கழற்றினாலும் நினைவகம் அழியும் என்பதால், ஜூனோவின் பேட்சுகளைப் பின்புறமுள்ள டேப் வெளியீட்டின் வழியே ஓர் ஒலிக்கோப்பாகப் பதிந்துகொண்ட பிறகே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து தருவித்த கருவி. அதை இங்கே விற்கும்போது எதைச் சொல்ல வேண்டும்?

வோல்டேஜை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவி 100 வோல்ட்டில் ஓடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாங்கியவர் ஆர்வத்தில் நேரே செருகிவிட்டால் முதலில் போவது ஃபியூஸ். அதோடு நின்றால் அவர் அதிர்ஷ்டசாலி. கருவியின் பின்புறத் தகட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். கடைகளில் எளிதில் கிடைப்பது 110 வோல்ட் தரும் மின்மாற்றி. 100 வோல்ட்டுக்கானதைக் கேட்டு வாங்கிக் கருவியோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

காத்திருந்தால் விலை இன்னும் ஏறுமா?

விலை ஏறும் என்பதற்காக மட்டும் வைத்திருப்பதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். டிஎக்ஸ்7 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 1,995 டாலர். ஜூனோ-106இன் விலை 1,095 டாலர். இன்றைய பழைய பொருள் சந்தையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. டிஎக்ஸ்7 மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்ற கருவி, அதன் ஒலியும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் அன்றைய விலையில் ஒரு பகுதிதான் கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள ஜூனோ-106 அன்றைய விலையைத் தாண்டியே விற்கிறது.

ஆனால் பணத்தின் மதிப்புச் சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1984இன் 1,095 டாலர் இன்றைக்கு 3,000 டாலருக்கும் மேல். அத்தொகைக்கு ஒரு ஜூனோ-106 விற்பது அரிது. இடையில் பழுதுக்குச் செலவழித்ததையும் கழித்தால், முதலீடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

பழைய கருவியை அதே நிறுவனம் மறுபடி வெளியிட்டால் என்னுடையதன் மதிப்பு விழுந்துவிடாதா?

இதுவரை நடந்ததைப் பார்த்தால் அந்த அச்சம் தேவையில்லை. 1970இன் மினிமூக் 2016இலும் 2022இலும் மறுபடி வந்தது. 1978இல் டேவ் ஸ்மித் உருவாக்கிய புரொபெட்-5 2020இல் மறுபடி வந்தது. பழைய பதிப்புகளில் இருந்த இருவகை ஃபில்டர்களும் அதில் ஒரு பொத்தான் தொலைவில் கிடைக்கின்றன. அதனால் அசல்களின் விலை சரிந்துவிடவில்லை. எனினும் புரொபெட்-5 வைத்திருப்பவருக்கு மறுவெளியீடு ஒரு நல்ல வழியைத் திறந்திருக்கிறது: அசலைச் சேகரிப்பவரிடம் விற்று, அதே ஒலியைப் புதிய பாகங்களோடும் உத்தரவாதத்தோடும் வாங்கலாம். மேடையில் வாசிப்பவர் அப்படிச் செய்வதுதான் அறிவுடைமை.

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். ஜூனோவை மேடைக்கு எடுத்துச்செல்வது சரியா?

வேண்டாம். எடை சுமார் 10 கிலோதான், டிஎக்ஸ்7ஐவிட நான்கு கிலோ குறைவு, சுமப்பது சிரமமில்லை. ஆனால் கட்டைகளில் வெலாசிட்டி கிடையாது, எப்படி அழுத்தினாலும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். கோயில் திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும்போது நாற்பது வயது மின்பகுதி தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை; வேனின் குலுக்கலில் ஸ்லைடர்களின் தலை உடையும். மேடைக்காகவே புதியது வாங்குகிறீர்கள் என்றால், பழையதை விற்கத்தான் வேண்டும் என்றில்லை. மேடைக்குத் தேவையான பியானோ, தந்தி வாத்தியம், பித்தளை ஒலிகளைத் தரும் நடுத்தரக் கருவி ஒன்றை, கையிருப்புக்குள் வாங்க முடியுமா என்று பாருங்கள். விலையுயர்ந்த புதுக் கருவியை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போதுதான் பழையதை விற்கும் எண்ணமே வருகிறது.

புதிய கருவி பழையதைவிட நீண்ட நாள் உழைக்கும் அல்லவா?

முதல் பத்தாண்டுகளுக்கு, ஐயமில்லாமல். அதன் பிறகு நிலைமை மாறுகிறது. ஜூனோ-106இன் சுற்று வரைபடம் கிடைக்கிறது, பாகங்களைத் தனித்தனியே மாற்றலாம். புதிய கருவி பலவற்றில் பொடிப் பாகங்கள் நெருக்கமாக ஒட்டப்பட்ட ஒற்றைப் பலகை. அது போனால் முழுப் பலகையையே மாற்ற வேண்டும், அது நிறுவனம் இருப்பு வைத்திருக்கும் வரையில்தான். பிளக்-இன்களின் ஆயுள் இன்னும் குறைவு. 2019இல் ஆப்பிள் தன் கேட்டலீனா இயங்குதளத்தில் 32 பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கிய பல பழைய பிளக்-இன்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. 1983இன் டிஎக்ஸ்7ஐ இன்றைய கணினியோடு இணைக்க இன்றும் ஒரு மிடி இணைப்புப் பெட்டியும் கம்பியும் போதும்.

சென்னையில், கடலோரத்தில் வீடு. வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் எப்படிப் பராமரிப்பது?

உப்புக் காற்றும் ஈரமும் செருகு துளைகளையும் ஸ்லைடர்களையும் அரிக்கும். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி உறை போதும். மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் இயக்கி, எல்லா ஸ்லைடர்களையும் மேலும் கீழும் சில முறை ஓட்டுங்கள். இதற்கு நேரம் ஒதுக்க முடியாது என்று தோன்றினால், அதுவே விற்பதற்கு ஒரு நல்ல காரணம்.

கடையில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பழைய கீபோர்டு என்ற ஒரே கணக்கில்தான் பெரும்பாலான கடைகளில் விலை போடுவார்கள். அங்கே ஜூனோவும் வீட்டுக் குழந்தைகள் கற்றுக்கொள்ளும் கீபோர்டும் ஒன்றுதான். டிஎக்ஸ்7ஐ அப்படிக் கொடுப்பதில் பெரிய நட்டமில்லை, அலைச்சல் மிச்சம். ஜூனோவை நேரடியாக வாசிப்பவரிடமே விற்க வேண்டும். ஆறு குரல்களும் ஒலிப்பதை மேலே சொன்ன சோதனை முறையில், வெட்டு இல்லாமல் ஒரே காணொளியாக எடுத்து அனுப்புங்கள். எந்தப் புகைப்படத்தையும்விட அதைப் பார்த்துத்தான் வாங்குபவர் விலை பேசுவார்.

வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால்?

முடிந்தால் வாங்குபவரையே வரச் சொல்லி, வாசித்துப் பார்த்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பெட்டிகள் வேண்டும்: உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் எல்லாப் பக்கமும் திண்டு. கட்டைகளின் மேலும் ஸ்லைடர்களின் மேலும் எடை அழுந்தாதபடி, கருவியின் இரு ஓரங்களில் மட்டும் நுரைத் தாங்கிகள் நிற்க வேண்டும். டிஎக்ஸ்7இன் கார்ட்ரிட்ஜைச் செருகியபடியே அனுப்பக் கூடாது; கழற்றித் தனியே சுற்றுங்கள். வரும் கருவி எத்தனை வோல்ட்டுக்கானது என்பதையும், குளிர் நாட்டுக்குப் போகிறதென்றால் அறையின் வெப்பத்துக்கு வரும் வரை சில மணி நேரம் செருகக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மின்கம்பியைச் செருகும் துளையின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.